ஆட்டோடிஸ்கவர்.இன்: கதவு கதவாய்த் தட்டிய பாஸ்வேர்டுகள்

பாஞ்சாலங்குறிச்சி பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பவன் திடீர்னு அவுட்லுக் பற்றி ஏன் எழுதறான்னு கேட்பீர்கள். கொஞ்சம் சம்பந்தம் இருக்கு.

1798-ல் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை வந்து சந்திக்கச் சொல்கிறார். கட்டபொம்மன் குற்றாலம் போகிறார். அங்கே பேட்டி கிடையாது. சொக்கம்பட்டி, சிவகிரி என்று கலெக்டரின் முகாம் நகர நகர இவரும் பின்னாலேயே அலைகிறார். கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்திப்பு. அதுவும் கைகலப்பில் முடிந்தது. யாரை எங்கே பார்க்கணும் என்பது உறுதியாகத் தெரியாமல் ஊர் ஊராய்ப் போவதில் உள்ள வில்லங்கம் இதுதான்.

மின்னஞ்சல் மென்பொருளுக்கும் இதே சிக்கல். உங்கள் முகவரி தெரிந்தால் மட்டும் போதாது. தபாலை வைத்திருக்கும் சர்வர் எது, எந்த போர்ட், எந்தப் பூட்டு என்பதெல்லாம் தெரியணும். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்த பிறகு, பல வருஷம் இதையெல்லாம் நாமேதான் நிரப்பினோம். பாப் சர்வர் பெயர், எஸ்எம்டிபி சர்வர் பெயர், 110, 25. ஒரு புள்ளி தப்பினால் மெயில் வராது. தூத்துக்குடி கப்பல் ஏஜென்சி அலுவலகங்களில் இதைச் செய்து கொடுக்கவே ஒரு பையன் தேவைப்பட்டான்.

இந்தத் தொல்லையை ஒழிக்க இரண்டு வழிகள் வந்தன. எக்ஸ்சேஞ்ச் 2007, அவுட்லுக் 2007 ஜோடியோடு மைக்ரோசாஃப்ட் 'ஆட்டோடிஸ்கவர்' கொண்டுவந்தது. அவுட்லுக் 2003 வரை எக்ஸ்சேஞ்ச் சர்வர் பெயரைக் கையால் அடிக்கணும். 2016 பதிப்பிலோ தலைகீழ்: எக்ஸ்சேஞ்ச் கணக்கைக் கையால் அமைக்கவே வழியில்லை, ஆட்டோடிஸ்கவர் மட்டும்தான். இன்னொரு பக்கம், 2009 டிசம்பரில் வந்த தண்டர்பேர்டு 3 தானே அமைப்பைத் தேடியது. முதலில் உங்கள் டொமைனில் கேட்கும், அப்புறம் மொசில்லா வைத்திருக்கும் பட்டியலில் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் வழக்கமான பெயர்களை ஊகிக்கும்.

வித்தியாசம் என்னன்னா, அமைப்பு விவரத்தைத் தேடும்போது தண்டர்பேர்டு பாஸ்வேர்டை நீட்டுவதில்லை. ஆட்டோடிஸ்கவரில் வழி கேட்கும்போதே அடையாளத்தையும் காட்டவேண்டி வரும்.

இதனால் வந்த வினை 2021-ல் வெளியே தெரிந்தது. உங்கள் முகவரி 'பெயர்@நிறுவனம்.இன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் முதலில் 'நிறுவனம்.இன்' கதவைத் தட்டும். அடுத்து 'ஆட்டோடிஸ்கவர்.நிறுவனம்.இன்'. இரண்டிலும் பதில் இல்லையென்றால், சில மென்பொருள்கள் நிறுவனத்தின் பெயரையே விட்டுவிட்டு 'ஆட்டோடிஸ்கவர்.இன்' என்ற கதவுக்குப் போய்விடும். அது உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமே இல்லை. யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம்.

கார்டிகோர் நிறுவனத்தின் அமித் செர்ப்பர் அப்படித்தான் வாங்கினார். இந்தியாவின் 'ஆட்டோடிஸ்கவர்.இன்' உட்பட பல நாட்டு டொமைன்களை வாங்கி, சும்மா காத்திருந்தார். ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 25 வரை 3,72,072 விண்டோஸ் டொமைன் லாகின் விவரங்கள் தாமாகவே வந்து விழுந்தன. திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தாலும் 96,671. யாரும் எதையும் உடைக்கவில்லை. பாதுகாப்பான முறையில் வந்த மென்பொருளைக்கூட, "பேசிக் ஆத்தன்டிகேஷனில் கொடு" என்று கேட்டு இறக்கிவிட முடிந்தது. அந்த முறையில் போவது கிட்டத்தட்ட திறந்த கடிதம்தான், எதிரே இருப்பவர் அப்படியே படித்துவிடலாம்.

இவர் ஆராய்ச்சியாளர், வெளியே சொன்னார். திருடன் வாங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. செய்தி வந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி டொமைன்களை அவசரமாகப் பதிவு செய்தது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பேசிக் ஆத்தன்டிகேஷனை 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கியது.

ஆனால் எல்லாரும் புதுப் பதிப்பில் இல்லை. நம்ம ஊர்ச் சின்ன அலுவலகங்களில் பழைய அவுட்லுக்கும், வருஷக்கணக்கில் அப்டேட் பார்க்காத போன்களும் இன்னும் ஓடுகின்றன. சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்கள் மூன்று விஷயம் செய்யலாம்: டிஎன்எஸ்ஸில் ஆட்டோடிஸ்கவர் பதிவைச் சரியாகப் போட்டு, மென்பொருள் முதல் கதவிலேயே பதில் பெறச் செய்யுங்கள். சொந்த சர்வர் என்றால் பேசிக் ஆத்தன்டிகேஷனை மூடுங்கள். 'ஆட்டோடிஸ்கவர்.இன்', 'ஆட்டோடிஸ்கவர்.காம்' போன்றவற்றை ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள்.