வெப்பக் களைப்பும் உயிர் காக்கும் அரை மணி நேரமும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 ஆம் திகதியளவில் தெற்கிலிருந்து தொடங்கி, அம்மாத நடுப்பகுதி வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக உச்சம் கொடுக்கின்றது. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அக்காலத்தில் காற்றோட்டம் குறைந்து, புழுக்கம் மிகுந்து காணப்படும். வெயிலைத் தாங்கிப் பழகியவர்கள் நாம் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இந்த எண்ணமே பலரை ஆபத்தில் தள்ளிவிடுகின்றது.

மனித உடல் தனது வெப்பநிலையை 37 பாகை செல்சியஸ் அளவில் பேணிக்கொள்கின்றது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கின்றது. ஆனால் காற்றில் ஈரப்பதன் மிகுந்திருந்தால் வியர்வை வழிகின்றதேயன்றி ஆவியாவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பமானி காட்டும் அளவோடு நில்லாது, ஈரப்பதனையும் சேர்த்து ‘உடலால் உணரப்படும் வெப்பம்’ பற்றி எச்சரிக்கை விடுப்பதற்கு இதுவே காரணமாகும். கடும் உழைப்பில் ஒருவர் மணிக்கு ஒரு லீற்றருக்கும் மேலாக வியர்வையை இழக்கக்கூடும். இழந்த நீரும் உப்பும் ஈடு செய்யப்படாதபோது வெப்பக் களைப்பு ஏற்படுகின்றது.

அறிகுறிகள்

மிகுந்த வியர்வை, வெளிறிய ஈரலிப்பான தோல், தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு, விரைவான பலவீனமான நாடித்துடிப்பு, அடர் நிறத்தில் சிறிதளவே சிறுநீர் கழிதல் ஆகியன இதன் அறிகுறிகளாகும். சிலர் மயங்கி விழுவதுமுண்டு.

இந்நிலை முற்றினால் வெப்பத்தாக்கு உண்டாகின்றது. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்ட, மூளையின் செயற்பாடு குழம்புகின்றது. நோயாளி தடுமாறிப் பேசுவார், இருக்குமிடம் அறியார், வலிப்போ நினைவிழப்போ ஏற்படலாம். வியர்வை நின்றுவிட்டால்தான் ஆபத்து என்று பலர் கருதுகின்றனர். அது தவறாகும். கடும் வேலையின்போது தாக்குண்டவர் வியர்வையில் நனைந்திருக்கவும் கூடும். புத்தித் தடுமாற்றமே முதன்மையான அபாய அறிகுறியாகும்.

செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்டவரை உடனடியாக நிழலுக்குக் கொண்டு சென்று படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலை நனைத்து விசிறுதல் அவசியம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் குளிர்ந்த துணியை வைக்கலாம். சுயநினைவுடன் இருப்பவருக்கு நீரோ, பொதியில் குறிப்பிட்டவாறு கரைத்த ஜீவனியோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அரை மணி நேரத்தில் தேறாவிடின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வெப்பத்தாக்கின் அறிகுறிகள் தென்பட்டால் தாமதியாது 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வண்டி வரும் வரை உடலில் நீரூற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். பரசிற்றமோல் இங்கு பயன் தராது. இது கிருமித் தொற்றினால் வரும் காய்ச்சலன்று.

வருமுன் காத்தல்

வெங்காயச் செய்கையாளர், புத்தளம் உப்பளத் தொழிலாளர், மேசன்மார், மீனவர் போன்ற அன்றாடக் கூலிக்கு உழைப்போருக்கு வீட்டிலிருங்கள் என்று சொல்வது பயனற்ற அறிவுரையாகும். ஒரு நாள் வேலை நின்றால் அடுப்பும் நின்றுவிடும். எனவே, கடின வேலைகளை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றி, நண்பகலில் நிழலில் ஓய்வளிப்பது வேலை கொள்வோரின் கடமையாகும். தாகமெடுக்கும் வரை காத்திராது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்த வேண்டும். வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. ஆதலால் புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதல் நாளிலேயே முழு வேலையையும் சுமத்தலாகாது.

முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதய மற்றும் நீரிழிவு நோயாளர் ஆகியோரில் கூடுதல் கவனம் தேவை. சிறுநீரை வெளியேற்றும் மாத்திரைகளை உட்கொள்வோரும் சிறுநீரக நோயாளரும் எவ்வளவு நீர் அருந்தலாம், இளநீர் பொருந்துமா என்பதை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். நிறுத்திய வாகனத்துக்குள் குழந்தையை ஒரு கணமேனும் தனியே விடலாகாது. நண்பகலில் மாணவரை மைதானத்தில் ஓடவிடுவதைப் பாடசாலைகள் தவிர்க்க வேண்டும்.

நோன்பு காலம் கோடையில் அமையும்போது, இஃப்தார் முதல் ஸஹர் வரை நீரைப் பகிர்ந்து அருந்துவதும் பகலில் கடும் உழைப்பைக் குறைப்பதும் நன்று. நோயுற்றோர் நோன்பைப் பிறிதொரு நாளில் நோற்க மார்க்கம் இடமளித்துள்ளது. 2024 ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் வெப்பம் 50 பாகையைத் தாண்டியபோது 1,300 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் பதிவின்றிச் சென்று, தகுந்த நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். கோயில் திருவிழாக்களிலும் பாதயாத்திரைகளிலும் தண்ணீர்ப்பந்தல் அமைப்போர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

வெப்பத்தைத் தடுக்க நம்மால் இயலாது. ஆயினும் அதனால் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவையே. நிழலும் நீரும் தகுந்த நேரத்து ஓய்வும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. பக்கத்தில் உழைப்பவரின் தள்ளாட்டத்தைக் கண்டும் காணாதிருப்பதே பேராபத்தாகும்.