சிந்துவும் பிரம்மபுத்திராவும்

சிந்து கைலாய மலைக்கு வடக்கே பிறக்கிறது. பிரம்மபுத்திரா மானசரோவருக்குத் தென்கிழக்கே ஒரு பனியாற்றில். அக்கம்பக்கத்தில் பிறந்தும் ஒன்று மேற்கே போகிறது, மற்றது கிழக்கே. சிந்து நங்க பர்வதத்தை (8,126 மீட்டர்) ஒட்டியும், திபெத்தில் சாங்போ எனப்படும் பிரம்மபுத்திரா நம்சா பர்வாவைச் (7,782 மீட்டர்) சுற்றியும் மலையை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகின்றன. கிழக்கு வளைவு மனிதர் எளிதில் நுழைய முடியாத பள்ளத்தாக்கு. சாங்போதான் பிரம்மபுத்திரா என்று நிரூபிக்க 1880-களில் அனுப்பப்பட்ட சிக்கிம்காரர் கின்டுப், வழியில் அடிமையாக விற்கப்பட்டார். தப்பி வந்து, அடையாளமிட்ட 500 மரத்துண்டுகளை ஆற்றில் விட்டார். முன்கூட்டியே அவர் அனுப்பிய செய்தி போய்ச் சேராததால், கீழே அவற்றைப் பார்க்க ஆளில்லை.

ஒற்றுமை இந்த வளைவுகளோடு முடிகிறது. சிந்துவின் வடிநிலம் சுமார் 11 லட்சம் சதுர கிலோமீட்டர். பிரம்மபுத்திராவுடையது ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் ஆண்டுக்கு ஓடும் நீர் சிந்துவைப்போல் சுமார் மூன்று மடங்கு. காரணம் பருவமழை. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மேகம் கிழக்கு இமயத்தில் மோதிக் கொட்டிவிட்டு, மேற்கே போகப் போக வற்றிவிடுகிறது. அஸ்ஸாமில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது; சிந்து மாகாணத்தில் 200-ஐக்கூட எட்டுவதில்லை. அதனால் மேல் சிந்துவில் வரும் நீரில் பெரும்பங்கு பனி உருகி வருவது. மேகத்தைவிடக் கோடை வெயிலே அங்கே கணக்கு.

வறண்ட நிலத்தில் ஓடும் ஆற்றை மனிதன் விட்டுவைக்கவில்லை. 1932-ல் சுக்கூர் தடுப்பணை, 1970-களில் தர்பேலா அணை என்று கட்டிக்கொண்டே போனார்கள். 1960-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் ராவி, பியாஸ், சட்லெஜை இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாபைப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் பிரித்துக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. கோட்ரி தடுப்பணைக்குக் கீழே பல மாதங்கள் ஆற்றில் தண்ணீரே குறைவு. கழிமுகத்தில் கடல்நீர் ஏறுகிறது. என் பார்வையில், இரண்டு நாடுகளின் சண்டையைவிடப் பழைய குற்றம் இது.

பிரம்மபுத்திராவில் சிக்கல் தலைகீழ். 1950 ஆகஸ்ட் 15-ல் வந்த 8.6 அளவு நிலநடுக்கம் மலைச்சரிவுகளைப் பெயர்த்து ஆற்றில் கொட்டியது. படுகை மேடாகி, வெள்ளம் கரையைத் தின்னத் தொடங்கியது. ஒரு காலத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேலிருந்த, ஆற்றின் நடுவிலுள்ள மாஜுலித் தீவு இன்று பாதிக்கும் குறைவு. இந்த ஆற்றுக்குச் சிந்துவைப்போல் பங்கீட்டு ஒப்பந்தம் ஏதுமில்லை. கின்டுப் தேடிப்போன அதே வளைவில் 2025 ஜூலையில் சீனா மாபெரும் நீர்மின் திட்டத்தைத் தொடங்கியது. வெள்ளக்காலத்தில் நீர்மட்டத் தகவல் தருவதற்கு இந்தியாவோடு இருந்த உடன்பாடு 2023-லேயே காலாவதியாகிவிட்டது.