இந்திய கால்பந்தின் சென்டர் பார்வர்டு: ராமன் முதல் நெவில் டிசோசா வரை (1948–1956)

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் மைசூர் மாநில வீரர் சாரங்கபாணி ராமன். 1948 ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில், பிரான்சுக்கு எதிராக அந்தக் கோல் விழுந்தது. டி. ஆவ் தலைமையிலான அந்த அணியில் வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ் எனத் தென்னகப் பெயர்கள் பல இருந்தன. வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. பாம்பன், தங்கச்சிமடம் கடற்கரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது. ஐரோப்பியப் பார்வையாளர்களுக்கோ அதுவே பெரிய வேடிக்கை.

முதல் பாதியில் பிரான்ஸ் முந்தியது. 70ஆவது நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். 89ஆவது நிமிடத்தில் பெர்சியோன் அடித்த கோலால் இந்தியா 1–2 எனத் தோற்றது. இரண்டு பெனால்டிகள் வீணாகாமல் இருந்திருந்தால் முடிவே வேறு. ஆகவே அந்தத் தோல்விக்கு வெறுங்கால்களைக் குறைசொல்வது பொருந்தாது.

அதே அணியில் இருந்த மேவாலால்தான் அடுத்த கட்டத்தின் முகம். பீகாரில் பிறந்து கல்கத்தா மைதானங்களில் பெயர் பெற்ற அவர், 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் நான்கு கோல்கள் அடித்தார். ஈரானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையதே. இந்தியா தங்கம் வென்றது.

ஓராண்டு கழித்து ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் அந்தப் பெருமிதம் உடைந்தது. யூகோஸ்லாவியா 10–1 என வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் அகமது கான் அடித்த ஒரு கோல் மட்டுமே இந்தியாவுக்குக் கிடைத்தது. அதன்பின் சர்வதேச ஆட்டங்களில் பூட்ஸ் கட்டாயமாயிற்று. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம், அதன்பிறகு மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றது பூட்ஸுக்குப் பழகிய புதிய தலைமுறையை.

அந்தத் தலைமுறையின் சென்டர் பார்வர்டு, கோவாவைச் சேர்ந்த நெவில் டிசோசா. பம்பாயில் டாட்டா அணிக்காக ஆடியவர். 1956இல் முதல் சுற்று எதிராளியான ஹங்கேரி விலகியதால் இந்தியா ஆடாமலே காலிறுதிக்குச் சென்றது. டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியா காத்திருந்தது. நெவில் முதலில் 9ஆவது நிமிடத்தில் அடித்தார். ஆஸ்திரேலியாவின் மாரோ சமன் செய்தார். 33இல் நெவில் மீண்டும் அடிக்க, மாரோ மீண்டும் சமன் செய்தார். 50ஆவது நிமிடத்தில் வந்த நெவிலின் மூன்றாவது கோலுக்கு ஆஸ்திரேலியாவிடம் பதில் இல்லை. 80இல் ‘கிட்டு’ கிருஷ்ணசாமி நான்காவது கோலை அடிக்க, 4–2 என ஆட்டம் முடிந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் நெவில்.

அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் நெவில் கோலடித்து இந்தியாவுக்கு முன்னிலை தந்தார். சற்று நேரத்திலேயே ஆட்டம் கைமாறி, 1–4 எனத் தோல்வியில் முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3–0 என வென்றது. களத்தில் கண்ட வெற்றி ஒன்றே. நான்காம் இடத்தில் ஹங்கேரி விலகியதற்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நெவிலின் கணக்குக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. யூகோஸ்லாவியாவின் வெசெலினோவிச், பல்கேரியாவின் மிலானோவ் ஆகியோருடன் தலா நான்கு கோல்களுக்குரிய முதலிடத்தை அவர் பகிர்ந்துகொண்டார். 1936 பெர்லினில் கண்ணாடி அணிந்து ஆடிய இத்தாலியின் ஃப்ரோசி அடித்த ஏழு கோல்களை இது எட்டவில்லை. ஆனால் ஃப்ரோசிக்குப் பின்னால் இருந்தது உலகக் கோப்பை வென்ற நாடு.

1960இல் இத்தாலியில் நடந்த ரோம் ஒலிம்பிக்தான் இந்திய கால்பந்துக்குக் கடைசி ஒலிம்பிக். நெவில் 1980இல் காலமானார். ஒரே ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் அடித்த அதிக கோல்கள் இன்றும் அவருடைய நான்குதான்.