அரை விநாடித் தாமதத்தில் அகப்பட்ட பின்கதவு

2024 மார்ச் இறுதியில் அன்ட்ரெஸ் ப்ரொயிண்ட் என்ற மென்பொருளாளர் தனது கணினியில் வேக அளவீடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவரான அவர் பணிபுரிவது மைக்ரோசொப்ட் நிறுவனத்தில். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவை வழமைக்கு மாறாகக் கணினியின் வலுவை விழுங்குவதை அவர் கவனித்தார். 0.3 விநாடியில் முடியவேண்டிய நுழைவு 0.8 விநாடி எடுத்தது.

லினக்ஸில் 'பெர்ஃப்' என்றொரு செயற்றிறன் கண்காணிப்புக் கருவி உண்டு. எந்த நிரற்பகுதி எவ்வளவு நேரத்தை எடுக்கிறது என்று அது காட்டும். எக்ஸ்.ஸெட். எனப்படும் கோப்புச் சுருக்க மென்பொருளின் நூலகத்திலேயே நேரம் செலவாவதாக அது காட்டியது. ஆனால் அங்கே ஓடும் பகுதியின் பெயரை அதனால் சொல்ல முடியவில்லை. அதைத் துருவிய ப்ரொயிண்ட், மார்ச் 29 அன்று உண்மையைப் பகிரங்கப்படுத்தினார். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. அதற்குரிய இரகசியச் சாவியை வைத்திருப்பவர், பாதிக்கப்பட்ட கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்கலாம்.

திறந்த மூல மென்பொருளில் ஒவ்வொரு நிரல் மாற்றத்தையும் எவரும் பார்க்கலாம். அப்படியிருந்தும் இது எப்படித் தப்பியது? தீய நிரல், சோதனைக்காக வைக்கப்பட்ட 'பழுதான' சுருக்கக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அவற்றை மனிதக் கண்ணால் வாசிக்க முடியாது. அதை வெளியே எடுத்து இயக்கும் வரியோ பொதுக் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. களஞ்சியத்தை மட்டும் மீளாய்வு செய்தவர் கண்டிருக்கவே முடியாது.

கண்முன்னே இருந்ததும் தப்பியது. லாண்ட்லொக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் உண்டா எனச் சோதிக்கும் சிறுநிரலில் ஒரேயொரு முற்றுப்புள்ளி செருகப்பட்டிருந்தது. அதனால் சோதனை எப்போதும் தோற்கும். மென்பொருள் அந்த வசதி இல்லையென்றே முடிவுசெய்யும். எங்களுக்குக் கூட, வாசிக்கும்போது ஒரு புள்ளி எத்தனை தடவை கண்ணில் படாமல் போகிறது!

இதைச் செய்த 'ஜியா டான்' என்ற கணக்கு 2021 முதல் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தது. பராமரிப்பாளர் லாஸே கொலின் ஊதியமின்றி, ஓய்வுநேர வேலையாகவே அதைக் கவனித்துவந்தவர். வேலை மெதுவாக நடக்கிறதென வேறு சில கணக்குகள் அவரை நெருக்கின. பொறுப்பு மெல்ல மெல்லக் கைமாறியது. அக்கணக்கின் பின்னால் இருந்தது யாரென்று இன்றுவரை வெளிவரவில்லை.

டெபியனின் சோதனைப் பதிப்பு, பெடோராவின் முன்னோட்டப் பதிப்பு போன்றவற்றுக்குள் அது நுழைந்துவிட்டிருந்தது. பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளை எட்டுமுன் தடுக்கப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களையும் சாட்சியங்களையும் லினக்ஸ் சேவையகங்களில் பாதுகாப்போருக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. உங்கள் சேவையகத்தைப் பராமரிப்பவரிடம் எக்ஸ்.ஸெட். எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். மேற்சொன்ன இரண்டில் ஒன்று அதில் ஓடியிருந்தால், மென்பொருளை மாற்றுவது மட்டும் போதாது. கணினியையே புதிதாக நிறுவி, நுழைவுச் சாவிகளையும் மாற்றவேண்டும்.