உருவங் கண்டு பரி தேர்தல்

சந்தையில் மாடு கொள்ளப் புகும் நம்மவர் சுழியும் கொம்பும் பார்ப்பர். குதிரை கொள்வோரும் பண்டுதொட்டு உருவத்தையே துணையாகக் கொண்டனர். கி. மு. நான்காம் நூற்றாண்டினனாகிய செனபன் என்னும் கிரேக்கப் படைத்தலைவன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் செய்தான். ஏறிப் பழகாத குட்டியின் குணத்தை அறிய வழியில்லையாதலின் அதன் உடலை ஆராய்க என்கிறான். அவ்வாராய்ச்சியையும் குளம்பிலிருந்தே தொடங்குகிறான். அத்திவாரம் பழுதான வீட்டிற்கு மேற்கட்டின் அழகால் வரும் பயன் யாது என்பது அவன் கேள்வி. போருக்குச் செல்பவனுடைய கண் அது!

இப்பார்வையைத் தனிப் போட்டியாகவே வளர்த்தோருள் அமெரிக்கர் முக்கியமானவர். கால் மைல் ஓட்டத்திற் பேர்பெற்ற குவாற்றர் ஹோர்ஸ் என்னும் இனத்திற்கு 1940இல் ரெக்சாசிலே ஒரு சங்கம் கண்டனர். 1941இல் போர்ட் வேர்த் காட்சியில் முதன்மை பெறும் ஆண்குதிரைக்கே வமிசப் பதிவேட்டின் முதலாம் எண் என ஒதுக்கிவைத்தனர். விம்பி என்னும் குதிரை அதனைப் பெற்றது. ஓட்டக் குதிரைகளின் ஏட்டிலே முதலிடம் நின்று காட்டிய குதிரைக்கு!

சேணமின்றித் தலைக்கயிற்றுடன் நிற்கும் குதிரையை நடுவர் நாற்புறமும் சுற்றி நோக்குவார். பக்கத்தே நின்று பார்க்குமிடத்துத் தோள், நடுவுடல், பின்புறம் என்னும் மூன்றும் ஒத்த அளவினவாயிருத்தல் வேண்டும். தோள் சரிந்திருத்தல் வேண்டும். நிமிர்ந்த தோள் எட்டைக் குறுக்கும். முன்னே நின்று பார்ப்பின், தோள்முனையிலிருந்து மேசன் தூக்குநூல் விட்டாற்போல ஒரு கோடு முழங்காலையும் குளம்பையும் நடுவே பிளந்து செல்லவேண்டும். கோடு விலகின் மூட்டின் ஒரு புறமே பாரம் முழுவதையும் தாங்கி, நாளடைவிற் குதிரை நொண்டும். இவ்விதிகளை முதலிற் படித்தபொழுது வெறும் அழகுச் சடங்கென்றே நாம் எண்ணினோம். அவ்வாறன்று; ஒவ்வொன்றின் பின்னும் காரணமுண்டு. பின்னர்ச் சேர்ந்த தசைத்திரட்சி மோகத்திற்கு அத்தகைய காரணங் கூறுதல் அரிது.

1969இற் பிறந்த இம்பிறெசிவ் என்னும் குதிரை, பெயருக்கேற்பக் கண்டாரைக் கவரும் உடலினது. 1974இல் இப்போட்டியில் உலக வெற்றிவீரனாயிற்று. அதன் வித்தை எல்லோரும் விரும்பினர். ஏறக்குறைய 2,250 குட்டிகள் பிறந்தன. அவற்றுட் பலவும் அவற்றின் சந்ததிகளும் பரிசுகளை அள்ளின. ஆனால் அவ்வழியிற் சில குதிரைகள் திடீரென உடல் நடுங்கின, பின்கால் தளர்ந்து வீழ்ந்தன, சில இறந்தன. இரத்தத்திற் பொற்றாசியம் மிகுவதோடு தசை செயலிழக்கும் பரம்பரை நோய் அது. தசைக் கலங்களின் சோடிய வாயிலை அமைக்கும் மரபணுவிலுள்ள பிழையே அதற்குக் காரணமென 1992இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். தாய் தந்தையருள் ஒருவர்வழி வரினும் நோய் தோன்றும்.

அதனினும் நம்மைத் திடுக்கிடச் செய்தது 1994இல் வெளிவந்த ஆராய்ச்சி. நோயுற்ற குதிரைகளையே நடுவர்கள் நோயற்றவற்றினும் மேலாகத் தெரிந்தெடுத்தனராம்! அவர்கள் வஞ்சகரல்லர், கற்ற கண்ணால் நேர்மையாகவே நோக்கினர். அக்கண் மெச்சிய திரட்சியினுள்ளேயே நோய் உறைந்திருந்தது. பரிசு பெற்றதை இனப்பெருக்கத்திற்கு விட்டவர்கள், தாம் அறியாமலே நோயையும் பெருக்கினர்.

இரு பெற்றோர்வழியும் அப்பிழையைப் பெற்ற குட்டிகளை 2007 முதற் சங்கம் பதிவேட்டிற் சேர்ப்பதில்லை. ஒருவழி மாத்திரம் பெற்றவை இன்றும் பதிவாகின்றன. தலைக்கயிற்றுடன் நடுவர்முன் வந்து நிற்கவும் செய்கின்றன.