ரோஸ் தாள் உரிமம்

பிரான்சில் 1899-லேயே மோட்டார் ஓட்டத் தகுதிச் சான்று வந்துவிட்டது. 1922 முதல் அதற்கு ‘பெர்மி த கொந்துய்ர்’ என்று பெயர். புதுவையில் பிரெஞ்சு படித்த நமக்குப் பழகிய சொல்தான். ஒருமுறை தேறினால் போதும், அந்த ரோஸ் தாள் 2033 ஜனவரி வரை செல்லும். 2013-இல் வந்த அட்டைக்கு 15 ஆண்டு. ஆனாலும் மாறுவது புகைப்படம்தான், மறுதேர்வு இல்லை.

நம் நாட்டில் 40 வயது தாண்டினால் மருத்துவச் சான்று வேண்டும். எனக்குக் கையெழுத்திட்ட டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே, பொழுது சாயும் நேரத்தில், எதிரே வந்த சைக்கிள்காரர் என் கண்ணில் படவில்லை. மயிரிழையில் தப்பினார்.

55-க்கு மேல் 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது 2019 திருத்தம். அப்போதே ஓட்டிக் காட்டச் சொன்னால் என்ன?

ஸ்கூட்டர் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன். என் உரிமம் இன்னும் 3 ஆண்டு செல்லும்.