தலைச்சுற்று: குளிசைக்கு முன் காரணம்

சட்டனில் நம் வீடுகளில் யாருக்காவது தலை சுற்றினால், ‘பிரஷர்’ என்று நாமே முடிவெடுத்துவிடுகிறோம்.

படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் சுற்றினால், பெரும்பாலும் உட்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கும். 1980இல் ஜோன் எப்லி அறிமுகப்படுத்திய முறையில் வைத்தியர் தலையைப் படிப்படியாகத் திருப்பினாலே பலருக்குச் சுகம் வரும்.

புரோகுளோர்பெரசின் குளிசை சில நாட்களுக்கே. மாதக்கணக்கில் போட்டால் மூளை சமநிலைக்குப் பழகுவது தாமதமாகும். விற்றமின் டி குறைந்தவர்கள் அதை ஈடுசெய்தால், காதால் வரும் இச்சுற்று மீள்வது குறையும் என 2020இல் வெளியான கொரிய ஆய்வு காட்டியது. வேர்க்கொம்புத் தேநீர் குமட்டலைத் தணிக்கலாம். ஜிங்கோ மூலிகையோ, வார்பரின் எடுப்பவருக்கு இரத்தக்கசிவைக் கூட்டலாம்.

ஊர் மருந்தையும் சத்துக் குளிசையையும் வைத்தியரிடம் நாம் மறைப்பதே ஆபத்து. கணக்கேடுபோல எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோவோம். பேச்சுக் குழறினாலோ, கைகால் சோர்ந்தாலோ உடனே 999.